ஊரே உரசிப் பார்க்கும் ஜரிகை, யாரும் உரசிப் பார்க்காத எழுத்து

காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவை வாங்க வருபவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? யாரும் சும்மா வாங்கிவிட மாட்டார்கள். ஜரிகையை நகத்தால் சுரண்டுவார்கள். உள்ளே சிவப்பு நூல் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். நனைத்த வெள்ளைத் துணியால் ஓரத்தில் தேய்த்து, சாயம் ஒட்டுகிறதா என்று பார்ப்பவர்களும் உண்டு. 'சில்க் மார்க்' இருக்கிறதா என்று கேட்பார்கள். பத்தாயிரம் ரூபாய் புடவைக்கு இத்தனை சோதனை!

அதே ஆட்கள் மறுநாள் சார்பதிவாளர் அலுவலக வாசலில் நிற்பார்கள். பல லட்ச ரூபாய் வீட்டுக்கான கிரயப் பத்திரம், முத்திரைத்தாளில் பிரிண்ட் ஆகி வரும். பெயர் சரியா, சர்வே எண் சரியா, நாலு எல்லை சரியா என்று வரிவரியாகப் படிப்பார்கள். அந்த எழுத்து காகிதத்தில் ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் யாரும் பார்க்க மாட்டார்கள்.

"எழுத்து ஒட்டாமலா போகும்?" என்று கேட்கலாம். போகும். இந்தக் கட்டுரையின் விஷயமே அதுதான்.

எழுத்து என்பது பிளாஸ்டிக்

லேசர் பிரிண்டரிலும் ஜெராக்ஸ் மெஷினிலும் மை கிடையாது. இருப்பது டோனர் என்ற கறுப்புப் பொடி. பொடி என்றாலும் அதில் பெரும்பகுதி பிளாஸ்டிக்தான். ஸ்டைரீன்-அக்ரிலேட் அல்லது பாலியெஸ்டர் வகை ரெசின், கொஞ்சம் கரி, இன்னும் சில சேர்மானங்கள். ஒரு துகளின் அளவு சுமார் 5 முதல் 10 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும்.

இந்தப் பொடி நிலைமின்சாரத்தால் காகிதத்தின் மேல் எழுத்து வடிவில் வந்து உட்காருகிறது. அந்த நிலையில் பேப்பரை வெளியே எடுத்து ஊதினாலே கலைந்துவிடும். பேப்பர் ஜாம் ஆகும்போது பாதியில் இழுத்தவர்களுக்கு இது தெரியும், விரலெல்லாம் கறுப்பாகிவிடும்.

அதனால் கடைசியாக ஒரு வேலை இருக்கிறது. சூடான உருளை ஒன்றும் அழுத்தும் உருளை ஒன்றும் சேர்ந்த 'ஃப்யூசர்' வழியாகக் காகிதம் போகும். பல மெஷின்களில் சூடு 180 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். பிளாஸ்டிக் உருகி, காகித நாருக்குள் இறங்கி, ஆறியதும் இறுகிவிடும். அப்போதுதான் அது 'எழுத்து'.

சிக்கல் இங்கேதான். உருகிய பிளாஸ்டிக் பிசுபிசுவென்று இருக்கும். அதற்குக் காகிதம் எது, உருளை எது என்று தெரியுமா? இரண்டிலும் ஒட்டப் பார்க்கும். உருளையில் ஒட்டினால், உருளை ஒரு சுற்று சுற்றி வந்து அதே எழுத்தைக் காகிதத்தில் இன்னொரு இடத்தில் பதித்துவிடும். ஆவி மாதிரி மங்கலாக ஒரே எழுத்து கீழே மறுபடி தெரிவது இதனால்தான். ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்ட வேண்டும், ஒட்டக்கூடாத இடத்தில் ஒட்டக்கூடாது. சொல்ல எளிது. அறுபது வருடமாக இன்ஜினியர்கள் இதற்காக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தோசைக்கல் தத்துவம்

இதைப் புரிந்துகொள்ள இன்ஜினியரிங் படிக்க வேண்டாம், தோசை சுட்டிருந்தால் போதும் :-)

கல் சரியாகக் காயாமல் மாவை ஊற்றினால் தோசை பிய்ந்து வரும். கல்லில் பாதி, கரண்டியில் பாதி. ஃப்யூசரிலும் சூடு போதாவிட்டால், உருளையைத் தொட்ட மேல்பக்கம் மட்டும் இளகி, காகிதத்தைத் தொட்ட அடிப்பக்கம் பொடியாகவே இருக்கும். காகிதத்தில் பிடிப்பு இல்லாததால் டோனர் உருளையோடு போய்விடும். போகாமல் தங்கினாலும் பிடிப்பில்லாமல்தான் தங்கும். இது குளிர் ஒட்டல்.

சூடு அதிகமானால் வேறு விதமான சிக்கல். டோனர் தண்ணீராக இளகி, தனக்குள்ளேயே பிடிமானம் இழந்துவிடும். உருளை விலகும்போது ஜவ்வு மாதிரி இழுபட்டு இரண்டாகப் பிரியும். பாதி காகிதத்தில், பாதி உருளையில். இது சூட்டு ஒட்டல். இரண்டுக்கும் நடுவில் உள்ள வெப்ப இடைவெளிக்குள்தான் மெஷின் ஓட வேண்டும்.

ஒட்டாமல் இருக்க வீட்டில் என்ன செய்கிறார்கள்? கல்லில் எண்ணெய் தேய்க்கிறார்கள், இல்லையென்றால் நான்ஸ்டிக் கல் வாங்குகிறார்கள். பிரிண்டரிலும் அதேதான் நடந்தது. உருளைக்கு டெஃப்லான் பூச்சு அல்லது சிலிக்கோன் ரப்பர் உறை போட்டார்கள். அதன் மேல் சிலிக்கோன் எண்ணெயை மெல்லிசாகத் தடவினார்கள். எண்ணெய் நன்றாக வேலை செய்தது. ஆனால் காகிதத்திலும் கொஞ்சம் ஏறியது. அப்படிப்பட்ட பேப்பரில் பேனா சரியாக எழுதாது, ஒட்டுத்தாள் நிற்காது. எண்ணெயை நிரப்பவும் துடைக்கவும் தனி ஏற்பாடு வேறு வேண்டும்.

பிறகு வந்த யோசனைதான் அழகு. எண்ணெயைக் கல்லில் தடவாமல் மாவிலேயே கலந்துவிட்டால்? டோனர் துகளுக்குள்ளேயே மெழுகைச் சேர்த்தார்கள். ஃப்யூசரில் அழுத்தமும் சூடும் படும்போது மெழுகு இளகி, துகளின் மேல்பரப்புக்குக் கசிந்து, உருளைக்கும் டோனருக்கும் நடுவே ஒரு மெல்லிய படலமாக நிற்கும். கூடவே ரெசினின் மூலக்கூறு சங்கிலிகளில் ஒரு பகுதியைக் குறுக்கே பின்னிவிட்டார்கள். சூடானாலும் அது ஜவ்வாக அறுந்து போகாமல் இழுத்துப் பிடிக்கும். தனி எண்ணெய் டப்பா தேவையில்லாமல் போனது. இன்று மேசை மேல் இருக்கும் சின்ன லேசர் பிரிண்டர்கள் இந்த நம்பிக்கையில்தான் ஓடுகின்றன.

1938ன் இரண்டு சம்பவங்கள்

இதில் ஒரு சுவாரசியமான பொருத்தம் உண்டு. 1938 ஏப்ரல் 6 அன்று அமெரிக்காவில் டூபான்ட் நிறுவனத்தின் ராய் பிளங்கெட், குளிர்பதன வாயு ஆராய்ச்சியின் நடுவே தற்செயலாக டெஃப்லானைக் கண்டுபிடித்தார். அதே வருடம் அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியாவில் செஸ்டர் கார்ல்சன், உதவியாளர் ஓட்டோ கோர்னேயோடு உலகின் முதல் ஜெராக்ஸ் பிரதியை எடுத்தார். எதிலும் ஒட்டாத பொருளும், காகிதத்தில் ஒட்ட வேண்டிய பொடியும் ஒரே வருடத்தில் பிறந்து, பிற்பாடு ஒரே மெஷினுக்குள் சேர்ந்தன.

கார்ல்சனின் முதல் பிரதி எப்படி நடந்தது? கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து மின்னேற்றினார்கள். எழுதிய கண்ணாடித் துண்டை அதன்மேல் வைத்து விளக்கொளி காட்டினார்கள். பொடி தூவி ஊதினார்கள். நின்ற பொடியை மெழுகுத் தாளில் ஒற்றி எடுத்துச் சூடு காட்டினார்கள். அன்று எழுத்தைப் பிடித்து நிறுத்தியதே மெழுகுதான். பல பத்தாண்டுகள் கழித்து அதே மெழுகு, எழுத்து உருளையில் ஒட்டாமல் காக்க டோனருக்குள் வந்து உட்கார்ந்தது!

சூட்டைக் கட்டுப்படுத்துவது ஆரம்பத்திலிருந்தே தலைவலிதான். 1959ல் வந்த புகழ்பெற்ற 914 மாடலில் பேப்பர் சிக்கினால் கருகும், சில சமயம் தீப்பிடிக்கும். அதனால் அதோடு ஒரு சின்னத் தீயணைப்பானையும் கொடுத்தார்கள். 'தீயணைப்பான்' என்றால் வாடிக்கையாளர் பயந்துவிடுவார் என்று அதற்குக் 'கருகல் நீக்கி' என்று பெயர் வைத்தார்களாம். மார்க்கெட்டிங் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

கடையில் என்ன நடக்கிறது?

இப்போது காஞ்சிபுரத்துக்கே வருவோம். கம்பெனி மெழுகையும் ரெசினையும் உருளையின் சூட்டையும் ஒன்றுக்கொன்று பொருத்தி வைத்திருக்கிறது. அந்தப் பொருத்தம் நம்ம ஊரில் மூன்று இடத்தில் உடைகிறது.

ஒன்று, ரீஃபில். ரீஃபில் செய்வதே தப்பு என்று சொல்வது அநியாயம். ஒரிஜினல் கார்ட்ரிட்ஜ் விலைக்கு ஜெராக்ஸ் கடை நடத்த முடியாது. அந்த மாடலுக்கு என்று தயாரித்த பொடியை நிரப்பினால் பெரிய பிரச்சினையும் வராது. "எல்லா மெஷினுக்கும் ஆகும்" என்று வரும் பொடியில்தான் வினை. ஒரு மெஷினின் டோனர் உருகும் சூடு இன்னொன்றுக்குப் பொருந்தாது. எண்ணெய் இல்லாத ஃப்யூசரில் மெழுகு குறைந்த பொடியைப் போட்டால் அது உருளையில்தான் ஒட்டும்.

இரண்டு, ஃப்யூசரின் தேய்மானம். 1990களில் கேனான் கொண்டுவந்த முறைப்படி, பல சின்ன பிரிண்டர்களில் கனமான உருளைக்குப் பதில் செராமிக் ஹீட்டரைச் சுற்றி ஒரு மெல்லிய ஃபிலிம் ஓடுகிறது. சட்டென்று சூடாகும், கரண்டும் மிச்சம். ஆனால் ஒரு ஸ்டேப்ளர் பின் உள்ளே போனாலே ஃபிலிம் கிழிந்துவிடும். புடவைக் கடைகளுக்கான விலை ஸ்டிக்கர் தாளைப் பாதி உரித்த நிலையில் மறுபடி மெஷினில் விட்டால், சூட்டில் பசை இளகி உருளையில் படியும், சில சமயம் ஸ்டிக்கரே உள்ளே சுற்றிக்கொள்ளும். ஒட்டியதைப் பிளேடால் சுரண்டினால் நான்ஸ்டிக் பூச்சும் சேர்ந்து போகும். கரண்டியால் சுரண்டிய நான்ஸ்டிக் கல் கதைதான், அப்புறம் எல்லாமே ஒட்டும்.

மூன்று, காகிதம். முத்திரைத்தாள் சாதாரணத் தாளைவிடக் கனம். கனமான தாள் அதிகச் சூட்டை உறிஞ்சும். அதற்காகவே பல பிரிண்டர்களின் செட்டிங்கில் 'தடிமனான தாள்' என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதைக் கொடுத்தால் மெஷின் வேகத்தைக் குறைக்கும் அல்லது சூட்டைக் கூட்டும். அவசரத்தில் யார் அதை மாற்றுகிறார்கள்? ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் குடித்த தாள் என்றால் இன்னும் மோசம். வரும் சூட்டில் ஒரு பங்கு ஈரத்தை ஆவியாக்கவே செலவாகிவிடும். எழுத்து பளிச்சென்று கறுப்பாகத் தெரியும். ஆனால் காகிதத்தில் வேர் விட்டிருக்காது.

யாருடைய லாபம், யாருடைய நஷ்டம்?

ஒரு கணக்குப் போடுவோம். நல்ல டோனருக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய், மலிவான பொடிக்கு 15 பைசா ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பக்கப் பத்திரத்தில் மிச்சம் 18 ரூபாய் 50 பைசா. அந்த மிச்சம் கடைக்கு. ஐந்து வருடம் கழித்து மடிப்பு விழுந்த இடத்தில் சர்வே எண் உதிர்ந்தால் அந்த நஷ்டம் யாருக்கு? மகள் கல்யாணத்துக்கு வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போகும் நெசவாளிக்கு.

பொருளாதாரத்தில் ஜார்ஜ் அகர்லாஃப் 1970ல் எழுதிய ஒரு கட்டுரை இதைத்தான் பேசியது. அதில் அவர் எடுத்துக்கொண்டது பழைய கார் சந்தை. வாங்கும்போது தரம் வெளியே தெரியாத சந்தையில், நல்ல சரக்குக்கு யாரும் கூடுதல் விலை கொடுக்க மாட்டார்கள். அதனால் நல்ல சரக்கு சந்தையை விட்டே போய்விடும். 2001ல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். ஜெராக்ஸ் கடையும் அந்தச் சந்தைதான். நல்ல டோனர் போடும் கடைக்காரரும் பக்கத்துக் கடை ரேட்டுக்கே பிரதி எடுத்துக்கொடுக்க வேண்டும். எத்தனை நாள் தாங்குவார்?

பட்டிலும் இதே நோய் இருந்தது. அதற்கு மருந்தாகத்தான் 2004ல் 'சில்க் மார்க்' வந்தது. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கண்ணுக்குத் தெரியாத தரத்தைத் தெரியும்படி செய்ததுதான் இரண்டின் வேலையும். காகிதத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை.

"பத்திரப்பதிவு அலுவலகத்தில்தான் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்களே, நகல் வாங்கிக்கொள்ளலாமே" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பட்டாவைக்கூட இப்போது இணையத்திலேயே மறுபடி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அடமானத்துக்கு வங்கி கேட்பது மூலப் பத்திரத்தை. மேலும் பதிவு செய்யாத உயில், வாடகை ஒப்பந்தம், பாகப்பிரிவினைக்கு முன் குடும்பத்துக்குள் எழுதிக்கொண்ட பேச்சு, இவற்றுக்கெல்லாம் வேறு எங்கே பிரதி இருக்கிறது? இன்னொரு ஆபத்தும் உண்டு. சரியாக ஒட்டாத எழுத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு வேறு எண்ணை ஏற்றுவது சுலபம். காசோலைத் தாள் தயாரிப்பவர்கள் டோனர் நன்றாகப் பிடிக்க வேண்டும் என்று தாளுக்கே தனிப்பூச்சு கொடுப்பது சும்மா இல்லை.

பாதுகாக்கிறேன் என்று கெடுப்பது

பத்திரம் நன்றாகவே பிரிண்ட் ஆனாலும் வீட்டில் நடக்கும் தப்பு ஒன்று இருக்கிறது. பளபளப்பான பிவிசி கவரில் போட்டு, பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைப்பார்கள். பிவிசியை வளையும்படி ஆக்க அதில் சேர்த்திருக்கும் பொருள் மெல்ல வெளியே கசிந்து, டோனரை இளக்கும். வருடங்கள் கழித்து கவரைத் திறந்தால் எழுத்து கவரில் கண்ணாடி பிம்பமாக ஒட்டியிருக்கும்! ஃப்யூசரில் சில நொடியில் நடக்கக்கூடாதது பீரோவில் ஐந்து வருடத்தில் நடந்துவிடுகிறது. பாலிப்ரொப்பிலீன் கவர் பரவாயில்லை. ஒவ்வொரு தாளுக்கும் நடுவே ஒரு வெள்ளைத்தாள் வைத்து, மடிக்காமல் காகித உறையில் போட்டால் இன்னும் நல்லது.

என்ன செய்யலாம்?

பெரிய சட்டமெல்லாம் வேண்டாம். மூன்று சின்ன மாற்றம் போதும்.

வாடிக்கையாளர் செய்ய வேண்டியது முதலில். பிரிண்ட் ஆறிய பிறகு வேண்டாத ஒரு தாளில் சோதனை போட்டுப் பார்க்கலாம். அதே மெஷின், அதே கனமுள்ள தாள். கட்டைவிரலால் அழுத்தித் தேய்க்க வேண்டும். எழுத்தின் குறுக்கே மடித்து, நகத்தால் நீவி, பிரித்துப் பார்க்க வேண்டும். செல்லோ டேப் ஒட்டி மெதுவாக உரிக்க வேண்டும். டேப்போடு எழுத்து வந்தால் அந்த மெஷினில் பத்திரம் அடிக்கக்கூடாது. ஆவணக் காப்பகங்களில் பிரதிகளின் தரம் பார்க்க இப்படி டேப் ஒட்டி உரித்துப் பார்ப்பது வழக்கத்தில் உள்ளதுதான். அரை நிமிட வேலை.

அடுத்து கடைக்காரர். மாடலுக்குரிய பொடி, கனத் தாளுக்குரிய செட்டிங், உலர்ந்த இடத்தில் காகிதக் கட்டு. ஆவி எழுத்து தெரிந்தால் ஸ்கேல் வைத்து இடைவெளியை அளந்து பார்க்கலாம். ஃப்யூசர் உருளையின் விட்டம் 25 மி.மீ. என்றால், சுற்றளவு 78.5 மி.மீ. அந்த இடைவெளியில் எழுத்து மறுபடி வந்தால் கோளாறு ஃப்யூசரில். வேறு இடைவெளி என்றால் டிரம்மைப் பார்க்க வேண்டும். வீணாக பார்ட்ஸ் மாற்றும் செலவு குறையும். இதையெல்லாம் செய்பவர் "பத்திர பிரிண்ட், உரசிப் பார்த்து வாங்கவும்" என்று ஒரு போர்டு மாட்டி, பக்கத்துக்கு ஐந்து ரூபாய் கூட வாங்கலாம். நஷ்டம் என்ன என்று தெரிந்தால் மக்கள் கொடுப்பார்கள்.

கடைசியாக அரசு. முத்திரைத்தாள் தரமாக இருக்க வேண்டும் என்று அவ்வளவு அக்கறை எடுக்கும் அரசு, அதன்மேல் ஏறும் எழுத்து நிற்குமா என்றும் பார்க்க வேண்டாமா? பத்திரத்தை ஏற்கும் முன் ஒரு மூலையில் டேப் சோதனை. பதிவுத்துறை நினைத்தால் ஒரு சுற்றறிக்கையில் முடியும்.

காஞ்சிபுரத்திலிருந்து பஸ் ஏறினால் உத்திரமேரூர் அதிக தூரம் இல்லை. அங்கே கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து, 919ம் 921ம் ஆண்டுகளின் கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலை முறையில் யார் போட்டியிடலாம், யார் கூடாது என்ற விதிகள் இன்றும் படிக்கும்படி நிற்கின்றன. சொத்து இருக்க வேண்டும் என்பதும் அந்த விதிகளில் ஒன்று. ஆயிரத்து நூறு வருடத்துக்கு முந்தைய ஊர்ச்சபையின் எழுத்து அழியவில்லை. அதே மாவட்டத்தில் போன வருடம் எழுதிய வீட்டுப் பத்திரத்தின் எழுத்து கவரோடு போகிறது என்றால், குறை தொழில்நுட்பத்தில் இல்லை. ஒட்டாமல் இருக்கவும் ஒட்டி நிற்கவும் வழி கண்டுபிடித்துத் தந்துவிட்டார்கள். உரசிப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

நண்பர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் பீரோவைத் திறந்து, பத்திரம் எந்தக் கவரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.